பென்சில் கோடு

பதினோராவது தடவையாக அந்தப் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஞானப்பூ எண்ணிக்கொண்டுதான் வந்தாள். எண்ணாமல் விட்டால் கை தானாகப் போனைச் சன்னல் வழியாக வீசிவிடும், வீசினால் உடைமுள்ளுக்குள் போய் விழும், பிறகு யார் இறங்கித் தேடுவது, மடியில் பிள்ளை வேறு தூங்குகிறது. சாலோம்விளை நிறுத்தத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் போட்ட போன் இது. தூத்துக்குடியில் கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ். கோகுல் என்று ஒருவன் எடுத்தான். "லைன்லயே இருங்க மேடம், கேட்டுச் சொல்லுதேன்" என்றான். சொன்ன வாய் மூடுவதற்குள் பாட்டைப் போட்டுவிட்டான். முந்தாநாளும் இப்படித்தான், அரை மணி நேரம் பாட்டுக் கேட்டாள், பிறகு தானாகக் கட்டாகிவிட்டது. நேற்று இருபது நிமிஷம். மறுபடி போட்டால் மறுபடி முதலிலிருந்து கப்பல் பெயரைச் சொல்லு, ஆள் பெயரைச் சொல்லு, ஜெபஸ்டின், எஞ்சின் ரூமில் ஆயிலர் வேலை, ஒன்பது மாசம் என்று எழுதிக் கூட்டிக்கொண்டு போனீர்கள், இது பதினாலாவது மாசம், எப்போது இறக்கி விடுவீர்கள். "லைன்லயே இருங்க மேடம்." அதனால் இன்றைக்கு வைப்பதில்லை என்று முடிவு. நீ பாட்டைப் போட்டுக்கொண்டே இருலே, நான் கேட்டுக்கொண்டே உன் வாசலுக்கு வாரேன். காதில் போன், மடியில் பிள்ளை, தோளில் மாற்றுத்துணியும் ஃபிளாஸ்கும் திணித்த பை. ஏறும்போது சார்ஜ் எழுபத்தொன்று இருந்தது. இப்போது அறுபத்தி நாலு. ஒரு பாட்டுக்கு ஒன்று கூட ஆகவில்லை, தூத்துக்குடி போய்ச் சேர்கிற வரைக்கும் தாங்கும், தாங்க வேண்டும். நடுவில் ஒருத்தி வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தது போல. முக்கியமானதை எல்லாம் இப்படித்தான் வைப்பாள் போலிருக்கிறது, கதவை மூடி உள்ளே.

அந்தப் பாட்டு வேறு ஏதாவது பாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு எரியாது. சினிமாப் பாட்டு என்றால் கேட்டுவிட்டுப் போகலாம், கூடவே பாடவும் செய்யலாம். இது சாலோம்விளைக் கோயிலில் அவள் ஏழு வயசிலிருந்து பாடிய பாட்டு. போனில் அதைப் பொம்மைப் பியானோவில் வாசிக்கிறார்கள், டிங் டிங் என்று, ஆனால் தெரியாமலா போகும், பெற்ற பிள்ளைக்கு மொட்டை போட்டால் தாய்க்கு அடையாளம் தெரியாதா. காத்திரு நெஞ்சே காத்திரு, கர்த்தர் வேளை காத்திரு. கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான், மழை பெய்யாவிட்டாலும் அதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கே பாடினார்கள். போதகர் ஐயர் பிரசங்கத்தை முடித்துவிட்டு, நம்முடைய சகோதரன் ஜெபஸ்டின் கப்பலிலே பன்னிரண்டு நாளாக ஒரு தகவலும் இல்லாமல் இருக்கிறான், அவனுக்காக இந்தப் பாட்டைப் பாடுவோம் என்றார். முந்நூறு பேரும் எழுந்து நின்று பாடினார்கள். முதல் வரிசையில் பெண்கள் எல்லாம் முந்தானையில் மூக்கைத் துடைத்தார்கள். பாடகர் குழுவில் கனத்த குரலில் ஆல்ட்டோ பாடுகிற ஞானப்பூவும் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நின்று பாடினாள், தன் புருஷனுக்குத் தானே, சுதி விலகாமல். எவ்வளவு நன்றாகப் பாடினாய் என்று வெளியே வந்து நாலு பேர் கையைப் பிடித்தார்கள். முந்நூறு பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த ஆபீஸ் நம்பரைக் கொடு நானும் ஒரு போன் போடுகிறேன் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. பாட்டைப் பாடியாயிற்று, கடமை முடிந்தது, வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு. மாமியார் மட்டும் என்ன, ராத்திரி படுக்கும்போது, பொறுத்தார் பூமி ஆள்வார் பிள்ளே என்றாள். எந்தப் பூமியை மாமி? பொறுத்துப் பொறுத்து நீங்க ஆண்ட பூமியைக் காட்டுங்க, நான் போய்ப் பட்டா வாங்கிட்டு வாரேன். வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவளுக்கும் அவன் பிள்ளைதானே, இருட்டில் அவள் தலையணை அசைகிறது தெரிந்தது. ஆனால் சொல்லாமல் விழுங்கினது எங்கேயும் போய்விடவில்லை, இதோ தொண்டையில் இருக்கிறது, பன்னிரண்டாவது தடவை பாட்டு தொடங்குகிறது, அதுவும் கூடச் சேர்ந்து தொடங்குகிறது.

"யாருட்டம்மா பேசுத?" பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள். மடியில் ஒரு மிக்ஸியைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள், ரிப்பேருக்குப் போகிறது போல. "ஏறினதுல இருந்து பாக்கேன், நீ ஒரு வார்த்த பேசல. கேட்டுக்கிட்டே இருக்க. லைன்ல மாமியாரா?" ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் இப்படித்தான், எரிகிற வீட்டிலும் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் சிரித்துவிட்டுத்தான் தண்ணீருக்கு ஓடுவாள். "மாமியாரா இருந்தா நடுவுல மூச்சாவது விடுவாவ அக்கா. இது ஆபீஸ்." "என்ன சொல்லுதான்?" "பாட்டுப் படிக்கான்." "பாட்டா?" மிக்ஸிக்காரி காதைக் கொண்டுவந்து போனில் வைத்தாள். கேட்டாள். முகம் மலர்ந்தது. "ஏ, இது எங்க தெருவுல தண்ணி லாரி பின்னால வரும்போது போடுத பாட்டுல்லா! இந்தச் சத்தம் கேட்டா குடத்தத் தூக்கிட்டு ஓடுவோம்." ஆமாம், ஞானப்பூவும் கேட்டிருக்கிறாள். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது இதே ராகம். பிள்ளை பிறந்ததும் சின்ன நாத்தனார் தொட்டிலுக்கு மேலே கட்டச் சொல்லிக் கொடுத்த பொம்மை, சாவி கொடுத்தால் நாலு யானை சுற்றும், அதிலும் இதே ராகம். ஒரு பொம்பளையின் வயிற்றெரிச்சலை எத்தனை பொருளுக்குள் திணித்திருக்கிறார்கள். வயிற்றெரிச்சல்தான். அது இந்த மிக்ஸி அக்காவுக்குத் தெரியாது, ஐயருக்குத் தெரியாது, கோகுலுக்குத் தெரியாது. ஞானப்பூவுக்கும் நாலு மாசத்துக்கு முன்னால் வரை தெரியாதுதான்.

ஜெபஸ்டின்தான் சொன்னான், வாட்சப்பில் குரலாகப் பேசி அனுப்பினான். அவன் எழுதமாட்டான், எழுதினால் இரண்டு வார்த்தை, பேசவிட்டால் எட்டு நிமிஷம். பின்னால் எஞ்சின் சத்தம் திமுதிமு என்று ஓடும், நெல்லு மிஷினுக்குள் நின்று பேசுகிற மாதிரி. ஏ பூவு, ஒரு கூத்து கேளு, என்று தொடங்கினான். கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் ஒரு இத்தாலிக்காரர், ப்ரூனோ என்று பெயர், யாரோடும் பேசாத ஆள். இவன் வேலை செய்துகொண்டே காத்திரு நெஞ்சே என்று முணுமுணுத்தானாம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தாராம், இது உனக்கு எப்படித் தெரியும் என்று. எங்க கோயில் பாட்டு என்று இவன் சொன்னானாம். அவர் சிரித்த சிரிப்பில் ஏப்ரனே நனைந்துவிட்டதாம். கோயில் பாட்டா? முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஓபெராடா இது, எங்க அம்மா பின்பாட்டு பாடினவ, எனக்குத் தெரியும் என்றாராம். ஓபெரான்னா என்னன்னு கேக்குதியா பூவு, பாடியே நடிக்கிற நாடகம், நம்மூர்ல வசனம் பேசுத இடத்துலயும் அவங்க பாட்டுத்தான். அதில் ஒரு தீவு ராஜா. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிற மாலுமி ஒருவன், அவனை ராஜா ஊருக்கு விடமாட்டேன் என்கிறான், அவன் போய்விட்டால் கப்பலை யார் ஓட்டுவது. மாலுமியின் பெண்டாட்டி கடல் தாண்டி வந்து அரண்மனை வாசலில் நிற்கிறாள். காவல்காரன் வந்து, ராஜா குளிக்கிறார், காத்திரு என்கிறான். பிறகு வந்து, ராஜா சாப்பிடுகிறார், காத்திரு என்கிறான். மூன்றாவது தடவை, ராஜா தூங்குகிறார், காத்திரு. அப்போது பாடுகிறாள் அவள். இந்தப் பாட்டை.

அதோடு ஒரு பாட்டுத் துண்டும் அனுப்பியிருந்தான், இரண்டு நிமிஷம் பத்து செகண்ட். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்று கேட்டாள். கையில் கரண்டி. முதலில் அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு வேகம். சாலோம்விளையில் நாலு சரணம் பாடி முடிக்க எட்டு நிமிஷம் ஆகும், ஒவ்வொரு வரி முடிவிலும் சபை இழுக்கும், கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல. இதில் பாடினவள் இழுக்கவில்லை. வெட்டினாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கல்லில் அடித்துத் துவைத்தாள். பின்னால் வயலின் எல்லாம் அவளைத் துரத்திக்கொண்டு ஓடியது. மூன்றாவது வரி முடிகிற இடத்தில், காத்திரு என்று நாம் நாலு எண்ணிக்கைக்கு நீட்டுகிற அதே இடத்தில், எல்லாம் நின்றுவிட்டது. அவளும் இல்லை, வயலினும் இல்லை. போன்தான் நின்றுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தாள் ஞானப்பூ. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு ஒரு மூச்சு இழுக்கிற சத்தம், பிறகு அவள் வந்தாள், வந்தவள் நோ என்றாள், இத்தாலியிலும் நோ நோதான் போல, அரண்மனையே குலுங்குகிற மாதிரி. அடுப்பில் வெங்காயம் கருகிவிட்டது. அடுத்த நாள் கோயிலில் அலமாரியைத் திறந்து அந்தப் பழைய பாட்டுத் தாளை எடுத்துப் பார்த்தாள். டோ ரே மீ என்று எழுத்திலேயே அச்சடித்த தாள், சாலோம்விளையில் பாடகர் குழு எல்லாரும் அப்படித்தான் படித்தவர்கள். ஒரு எழுத்தை நீட்ட வேண்டும் என்றால் அதற்குப் பக்கத்தில் சின்னக் கோடு இருக்கும், சத்தமே கூடாது என்றால் அந்த இடம் வெறுமனே கிடக்கும். மூன்றாவது வரி முடிவில் அச்சில் ஒன்றுமே இல்லை. வெள்ளை. அந்த வெள்ளையில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள், அழுத்தமாக, பல தடவை மேலே மேலே. ஆர்கன் வாசிக்கிற ஜெயசிங் அண்ணாச்சியிடம் கேட்டாள். "அது அச்சுல விட்டுப்போச்சு பிள்ள, எங்க காலத்துக்கு முன்னாலயே திருத்தியாச்சு" என்றார். "விட்டுப்போகல அண்ணாச்சி, அங்க பாட்டே கெடையாது. மூச்சுதான்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "கோயில்ல நாலு எண்ணிக்கைக்கு எல்லாரும் சும்மா நின்னா, ஜனங்க பாட்டு முடிஞ்சிட்டுன்னு உக்காந்துருவாவ." அவ்வளவுதான். ஊரே அந்த வெள்ளையைக் கண்டு பயந்து கோடு போட்டு அடைத்துவிட்டது. ஒரு பொம்பளை நாலு எண்ணிக்கை பேசாமல் நின்றால் அடுத்து என்ன சொல்லுவாளோ என்று பயம்.

சரி, மிஞ்சினதை வீணாக்கக் கூடாது, அது ஞானப்பூவுக்கும் தெரியும். புளித்த மாவை அவளும் ஊத்தப்பம் ஆக்குகிறவள்தான், கிழிந்த சேலை பிள்ளைக்குத் தொட்டில். அந்த ஓபெரா அந்தக் காலத்தில் இரண்டு ராத்திரிதான் ஓடியதாம், கோபக்காரப் பொம்பளையைப் பார்க்க யாரும் வரவில்லையாம். பாட்டுப் போட்டவர் என்ன செய்தார், ராகம் நல்ல ராகம், விடுவானேன் என்று அதை எடுத்து அடுத்த நாடகத்தில் ஆட்டிடையன் தூங்குகிற பாட்டாகப் போட்டார், மெதுவாக, புல்லாங்குழலோடு. ஏதோ பிரபு வீட்டுக் கல்யாணத்துக்கு. எல்லாரும் ஆகா என்றார்கள். அதைக் கேட்ட சாமியார் ஒருவர் அதற்குப் பொறுமை என்று வார்த்தை போட்டார். அது கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தது, இங்கே ஒரு உபதேசியார் தமிழில் கட்டினார். ப்ரூனோ பாதி சொல்லி, ஜெபஸ்டின் பாதி ஒட்டவைத்த கதை, எது நிஜம் எது அவன் சரக்கு என்று தெரியாது. மாவை ஊத்தப்பம் ஆக்கு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காரக்குழம்பைக் கழுவிக் கழுவிச் சர்க்கரை போட்டுப் பாயசம் என்று கொடுப்பாயா? அதையும் யாருக்குக் கொடுக்கிறாய், வாசலில் நிற்கிற அதே பொம்பளைக்கு! காத்திருக்க மாட்டேன் என்று ஒருத்தி அடித்தொண்டையிலிருந்து கத்தினதை எடுத்து, முந்நூறு வருஷம் கழித்து, புருஷன் எங்கே என்று கேட்கிறவள் காதில் காத்திரு காத்திரு என்று ஊதுகிறாய். பதினெட்டாவது தடவை. சார்ஜ் ஐம்பத்திரண்டு. கண்டக்டர் வந்து, "அம்மா, உப்பளம் தாண்டினா சிக்னல் போயிரும், இப்பமே பேசி முடிச்சிருங்க" என்றார். "பேச ஆரம்பிச்சாத்தானே அண்ணாச்சி முடிக்க" என்றாள் மிக்ஸிக்காரி, அவளுக்குப் பதிலாக.

சிக்னல் போய்விடுமா. போனால் கட்டாகிவிடும். கட்டானால் என்ன, எப்படியும் போய்ச் சேரப் போகிறாள், கட்டானால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் கட்டாகக் கூடாது என்று போனைக் காதோடு வைத்து அழுத்தினாள், கம்மல் குத்தியது. அவன் சொன்னதல்லவா. கடைசியாக வந்த குரல், பதினாறு நாளுக்கு முன்னால், முப்பத்தொரு செகண்ட். எஞ்சின் சத்தம் இல்லை. அதுதான் முதலில் பயமுறுத்தியது, பின்னால் திமுதிமு இல்லாமல் அவன் குரல் மட்டும் அம்மணமாக. பூவு, எறக்கி விடுதேன் எறக்கி விடுதேன்னு அஞ்சு மாசமா ஏமாத்துதானுவ. நாங்க எல்லாருமாச் சேந்து வேலைக்கு எறங்கமாட்டோம்னு சொல்லிட்டோம். அதுக்கு வைஃபையை நிறுத்தப் போறானுவளாம். நீ ஆபீசுக்குப் போனைப் போடு. போட்டா வைக்காத, என்ன. பிள்ள என்ன செய்யா. அதோடு பேச்சு முடிந்தது, ஆனால் விரலை எடுக்கவில்லை அவன், இன்னும் ஒரு கொஞ்ச நேரம், ஒன்று, இரண்டு, மூச்சு விடுகிற சத்தம் மட்டும். அந்த மூச்சை அவள் எத்தனை தடவை கேட்டாள். வார்த்தைகளை விட்டுவிட்டு அந்தக் கடைசிக்குத் தள்ளித் தள்ளிக் கேட்டாள். சளி இருக்கிற மூச்சு. அவனுக்குச் சளி பிடித்தால் இடது பக்கம் ஒரு விசில் வரும். யார் அவனுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். மருந்து இருக்குமா. பக்கத்து ஊர் எமர்சன் வீட்டுக்கு வந்ததே, மரத்தில் செய்து, ஓரத்தில் தகரம் அடித்து, இல்லை. அதை நினைக்கக் கூடாது. எமர்சன் வேறு, அவன் டெக்கில் வேலை, இவன் எஞ்சின், இவன் உள்ளே இருக்கிறவன். உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆகும். ஆறு அடி நீளம், விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி, இல்லை. இல்லை. பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அவன் வந்து பெயர் சொல்லணும் என்று ஒன்பது மாசமாகப் பாப்பா பாப்பா என்றே கூப்பிடுகிறார்கள், இப்போது அதற்கும் பாப்பா என்றால்தான் திரும்புகிறது. இப்படியே போனால் கல்யாணப் பத்திரிகையிலும் பாப்பா என்றுதான் அடிக்கணும். அதற்குள் வந்துவிடுவான். வராமல் எங்கே போவான். மரத்தில் செய்து. இல்லை என்கிறேனே. உப்பளம் வந்தது, வெள்ளை வெள்ளையாக, கண் கூசியது, பாட்டு விட்டு விட்டுக் கேட்டது, அவள் காதுக்குக் காத் என்றது, நெஞ் என்றது, வெள்ளையில் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, அவள் மூச்சுவிடாமல் இருந்தாள். பிறகு டிங் டிங். அட, உனக்கா சாவு வரும்! பிள்ளை விழித்துக்கொண்டு அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. "ஆமாட்டி, அப்பாவ விடாத இவனுவ மூக்க இழு, எம் மூக்க ஏன் இழுக்க."

பஸ் ஸ்டாண்டிலிருந்து துறைமுக ரோட்டுக்கு ஷேர் ஆட்டோ. மருந்துக்கடைக்கு மேலே மாடி, செங்குத்தான படி. முப்பத்திரண்டாவது தடவை பாட்டு தொடங்கும்போது கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளினாள். உள்ளே ஏசி குளிர், பிள்ளை தும்மியது. சுவரோரம் நாற்காலிகளில் நாலைந்து பேர், முட்டியில் பையை வைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பது போல. எதிரே மேஜை. மேஜையில் டெலிபோன். டெலிபோனுக்குப் பக்கத்தில் ரிசீவர் குப்புறக் கிடந்தது, சின்ன சிவப்பு லைட் மினுக் மினுக் என்று எரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் உளுந்த வடையின் எண்ணெயைப் பழைய தாளில் ஒற்றிக்கொண்டிருந்தான். அந்த சிவப்பு லைட் நான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. முந்தாநாளும் நான் அதுதான், நேற்றும். கோபம் என்பது சூடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள், இது சூடு இல்லை, தெளிவு. துவைத்து உதறின துணி மாதிரி எல்லாம் விறைப்பாகத் தெரிந்தது, வடையின் ஓட்டை, அவன் நகம், சுவரில் கப்பல் படக் காலண்டர், அதில் கப்பல் சிரிக்கிறது.

"கோகுல் நீங்கதானா?"

"ஆமா மேடம். உக்காருங்க. வெய்ட் பண்ணுங்க, கூப்பிடுதேன்."

மூன்றாவது காத்திரு. ஞானப்பூ போனை ஸ்பீக்கரில் போட்டாள். சார்ஜ் இருபத்தொன்பது. கிடக்கிற ரிசீவருக்குப் பக்கத்திலேயே அதை வைத்தாள். டிங் டிங் என்று பாட்டு மேஜையில் ஓடியது. கோகுல் போனைப் பார்த்தான், லைட்டைப் பார்த்தான், வடையைக் கீழே வைத்தான்.

"மேடம், நீங்க…"

"ஜெபஸ்டின் பொண்டாட்டி நான். ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம் நான் உங்க பாட்டக் கேட்டேன். இப்ப நீங்க எம் பாட்டக் கேளுங்க" என்றாள்.

பாடினாள். எந்த வார்த்தையைப் போடுவது என்று அவள் யோசிக்கவில்லை. காத்திரு என்பது அவர்களுடைய வார்த்தை, அது வேண்டாம். அந்த இத்தாலிக்காரியின் வார்த்தை இவளுக்குத் தெரியாது. இவளிடம் இருந்தது ஏழு வயசில் படித்த எழுத்து மட்டும்தான். சோ சோ டோ, டீ லா சோ, என்று எழுத்தையே எடுத்து அடித்தாள், அடுப்படியில் கேட்ட வேகத்தில், கல்லில் துவைக்கிற மாதிரி. ஆல்ட்டோ தொண்டை, கண்ணாடிக் கதவு லேசாக அதிர்ந்தது. போனில் அதே பாட்டு சவலைப்பிள்ளை போலப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. முதல் வரி. இரண்டாவது வரி. உள்ளே இருந்த அறைக் கதவு திறந்து டை கட்டின ஒருவர் எட்டிப் பார்த்தார். மூன்றாவது வரி, மேலே ஏறி, ஏறி, அந்த இடம்.

நிறுத்தினாள். கையை நீட்டிப் போனையும் அணைத்தாள்.

ஒன்று. யாரும் அசையவில்லை. ஏசி மட்டும் உறுமியது. இரண்டு. பிள்ளை அவள் வாயையே பார்த்தது, அடுத்து என்ன வரும் என்று. மூன்று. கோகுல், "மேடம், சொல்லுங்க மேடம்" என்றான், குரல் உடைந்து போய். கோடு போடப் பார்க்கிறாயா, போடு, போட்டுப் பார். நாலு. சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஏல," என்றார், யாரைப் பார்த்து என்று இல்லாமல், "எம் மகனும் ஜெபஸ்டின் கூட அந்தக் கப்பல்லதாம்ல இருக்கான். நானும் நாலு நாளா இந்த நாக்காலியத் தேச்சிக்கிட்டு இருக்கேன். கப்பலுக்குப் போனப் போடுல." மற்றவர்களும் எழுந்தார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. டை கட்டினவர் கோகுலைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

குப்புறக் கிடந்த ரிசீவர் நிமிர்ந்தது. நீளமான நம்பர், இரண்டு தடவை தப்பாகப் போட்டான். மூன்றாவது தடவை யாரோ எடுத்தார்கள், கோகுல் இங்கிலீஷில் பேசினான், ஜெபஸ்டின், ஜெபஸ்டின், எஸ், வைஃப், என்றான். பிறகு ரிசீவரை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். "கூட்டிட்டு வாராங்க மேடம். லைன்லயே…" என்று தொடங்கி அப்படியே வாயை மூடிக்கொண்டான்.

அவள் காதில் வைத்தாள். பாட்டு இல்லை. எங்கேயோ கடல் இரும்பில் மோதுகிற சத்தம், ஒரு கதவு, ஏணியில் ஓடிவருகிற கால், அது யார் கால் என்று கேட்டாள், எல்லாருடைய காலும் அப்படித்தான் கேட்கும், மரத்தில் செய்து, இல்லை, கால் நடக்கிறதே, ஓடுகிறதே. ரிசீவரை எடுக்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு. இடது பக்கம் விசில் வருகிற மூச்சு.

"பூவு?"

பதினாறு நாளாகச் சேர்த்து வைத்த அழுகை முழுவதும் ஒரே குடமாக மேலே வந்தது. அதை அப்படியே நின்று விழுங்கினாள், ஆனால் இந்தத் தடவை அதன் மேல் கோடு போட்டு அடைக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றினாள். "அத்தான், அழுவறதெல்லாம் வீட்டுல வந்து அழுவலாம்" என்றாள், ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி. "எந்தத் துறைமுகம், எந்தத் தேதின்னு இங்க ஒருத்தர் டை கட்டிக்கிட்டு நிக்காரு, அவரு இப்ப சொல்லுவாரு. சொல்லுத வரைக்கும் நான் போன வைக்கமாட்டேன். நீங்களும் வைக்காதிய."

டை கட்டினவர் பேனாவைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை. கோகுல் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தான்.